லவோன் இன்னும் முடிவு செய்யவில்லை

நான்கு டஜன் முட்டைகளை அவித்து, குழாயடியில் நின்று ஓடு உரித்துக்கொண்டிருந்தாள் லவோன். சாயங்காலம் முன்னாள் கவர்னர் பிட்கின் அவள் வீட்டுக்கு ஆதரவு கேட்டு வருகிறார். சர்ச்சிலிருந்து மடக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்கிய கணவன் டுவேன், உரித்த முட்டை ஒன்றை லபக்கென்று வாயில் போட்டுக்கொண்டான்.

"இந்த மாசத்துல இவர் மூணாவது ஆளு. யார் பக்கம்னு சொல்லித் தொலையேன்."

"இன்னும் முடிவு பண்ணல."

"என்னைக் கட்டிக்க மட்டும் ஒரே வாரத்துல முடிவு பண்ணின!"

"அதுல பட்டுத்தான் புத்தி வந்துச்சு. கையை எடு."

அமெரிக்காவில் ஜனாதிபதி ஆசை வந்தவர்கள் முதலில் அயோவாவுக்குத்தான் ஓடிவருவார்கள்; கட்சி வேட்பாளர் யார் என்கிற முதல் ஓட்டு இங்கேதான். ஜனவரிக் குளிரில் ஊரே பள்ளிக்கூடத்தில் கூடி, அவரவர் ஆள் பக்கம் போய் நிற்கிற அந்த இரவு வரைக்கும் லவோனுக்கு ராஜ மரியாதை. இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்; அவளுக்குத் தெரியாத வீடு கிடையாது. அவள் போய் நிற்கிற பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு குடும்பம் பின்னாலேயே வரும்.

ஒரே ஒரு தேர்தலில் மட்டும் ஏமாந்தாள். ஆகஸ்டிலேயே ஒரு செனட்டருக்கு ஆதரவு அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். மறுநாளிலிருந்து தொலைபேசி ஊமையாகிவிட்டது. மற்றவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. அந்த செனட்டரும் வரவில்லை. அதுதான் கையெழுத்து கிடைத்துவிட்டதே! பனி விழும்வரை டுவேனின் முகத்தையே பார்த்தபடி சாப்பிட்டாள். கெட்ட முகமில்லை. ஆனாலும் ஒரே முகம்.

பிட்கின் வந்தார். பதவி போய் மூன்று வருடமாகியும் எல்லோரும் அவரைக் கவர்னர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். கூடத்தில் கூடியிருந்த ஊர்க்காரர்களிடம் பேசினார், கை குலுக்கினார், ஐந்து முட்டை தின்றார். பிறகு சமையலறைக்குள் நுழைந்து, கேட்காமலே துண்டை எடுத்து, லவோன் கழுவிய தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

"இந்த மாதிரி முட்டை எங்கேயும் சாப்பிட்டதில்லைங்க."

"போன வாரம் வந்தவரும் இதையேதான் சொன்னார், கவர்னர். அவர் ஏழு தின்னார்."

பிட்கின் சிரித்துவிட்டார். "வாயில வர்றதைப் பிடுங்கிட்டுப் போயிட்டாரே!"

"அதிருக்கட்டும், நீங்க தேர்தல்ல நிக்கப்போறீங்களா இல்லையா?"

"நானும் என் மனைவியும் ஜெபம் பண்ணிட்டிருக்கோம். இன்னும் தீர்மானிக்கல."

"வாசல்ல இவ்வளவு பெரிய எழுத்துல உங்க பேரைப் போட்ட பஸ் நிக்குதே. ஜெபம் பண்றதுக்கா?"

"தூரம் அதிகம்ங்க, ஜெபிச்சுக்கிட்டே வரணும்ல?"

இந்த முறை லவோன் சிரித்தாள். மனிதர் தட்டின் அடிப்பக்கத்தையும் துடைக்கிறார் என்பதை அப்போதே கவனித்துவிட்டாள். இதுவரை அவள் சமையலறைக்கு வந்த ஒன்பது வேட்பாளர்களில் ஒருவரும் அடிப்பக்கம் துடைத்ததில்லை. ஓட்டு இவருக்குத்தான் என்று மனசு சொல்லிவிட்டது. அதுதான் வம்பு.

பிட்கின் துண்டை மடித்து வைத்தார். சட்டைப்பையிலிருந்து அட்டையையும் பேனாவையும் எடுத்து, ஈரமில்லாத இடமாகப் பார்த்து மேடைமேல் வைத்தார்.

"சுத்தி வளைக்கலைங்க. இன்னிக்குக் கையெழுத்துப் போட்டா, இந்த மாவட்டத்துல என் பிரசாரத்துக்கு நீங்கதான் தலைவி."

லவோன் அட்டையைப் பார்த்தாள். அழகான அட்டை. கூடத்தில் டுவேன் யாருக்கோ பன்றி வளர்ப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. நூறு தடவை கேட்ட கதை.

"என்ன யோசிக்கிறீங்க? என்னைப் பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன? பிடிச்சிருக்கு."

"அப்புறம்?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் இன்னொரு தடவை வந்தாத்தான் போடுவீங்களா?"

லவோன் அட்டையைத் தொடாமல், அடுப்பிலிருந்த காப்பிக் கூஜாவைத் தூக்கிக்கொண்டு, இடுப்பால் கதவைத் தள்ளி, கூடத்துக்குப் போய்விட்டாள்.