இறங்கி உருட்டிய தூரம்

கணக்கு ரீச்சர் சைக்கிளிலிருந்து இறங்கும் விதம் எனக்கு இன்றும் அச்சொட்டாக நினைவிருக்கிறது. பெடலை மிதிப்பதை நிறுத்துவார். சைக்கிள் தன்பாட்டில் கொஞ்சத் தூரம் ஓடும். பட்டுப்போன வேம்பின் அடிக்கட்டை வந்ததும் சேலைக் கரையை இடது கையால் ஒதுக்கிக்கொண்டு, வண்டி நிற்பதற்கு முன்பே நிலத்தில் கால் வைத்துவிடுவார். ‘இறங்கி உருட்டிச் செல்லவும்’ என்று எழுதிய பலகை அதற்கு இருபது அடி தள்ளித்தான் நின்றது. அங்கே இறங்கினால் போதும். நான் அங்கேதான் இறங்குவேன். ஏன் இவ்வளவு முன்னதாக இறங்குகிறார் என்று ஒருநாள் கேட்டேன்.

“அது அவங்கட பலகை. இது என்ர மதில் தொடங்கிற இடம். என்ர வீட்டுக்கு நான் என்ர எண்ணத்தில இறங்கிறன். அவங்கள் சொல்லி இல்லை, விளங்குதே?”

அவருடைய வீட்டைத்தான் படையினர் முகாமாக்கியிருந்தார்கள். அது அவருக்குச் சீதனமாக எழுதிய வீடு. சண்டையில் இடம்பெயர்ந்து, 1996இன் கடைசியில் தீவுக்குத் திரும்பிவந்தபோது கணவர் உயிரோடு இல்லை, வீட்டுக்குள் போகவும் முடியவில்லை. புளியங்கூடலில் தெரிந்தவர்களின் வீட்டில் ஓர் அறையில் இருந்தார். நான் 1997 ஜனவரியில் ஊர்காவற்றுறைப் பாடசாலைக்கு வரலாற்று ரீச்சராக வந்து, அதே ஒழுங்கையில் இன்னொரு வீட்டில் தங்கினேன். அவருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது, எனக்கு முப்பத்து மூன்று. காலை ஏழு மணிக்கு இருவரும் சைக்கிளில் புறப்படுவோம். அரை மணித்தியால ஓட்டம். வழி நடுவே அந்த வீடு.

அந்த வீதியைப் போல ஆறுதலாகச் சைக்கிள் ஓடக்கூடிய வீதி வேறெங்கும் எனக்கு வாய்க்கவில்லை. மேடு பள்ளம் கிடையாது. பனைகளுக்கிடையில் காற்று வரும் பக்கத்தைப் பார்த்து உடம்பைச் சரித்தால் போதும். பஸ் வந்தால் அரை மைலுக்கு அப்பாலேயே கேட்கும். இரண்டு பக்கமும் பழைய கல்வீடுகள். முகப்பில் கட்டிய ஆண்டைச் சுண்ணாம்பில் புடைப்பாக எழுதியிருப்பார்கள். கூரை விழுந்த வீட்டிலும் ஆண்டு மட்டும் நிற்கும். கூரையில்லாத தேவாலயம் ஒன்று, அதன் பீடத்தில் ஆடு படுத்திருக்கும். துறைமுகத்தை நெருங்க, தண்ணீருக்கு நடுவே கடற்கோட்டை தெரியும். இன்றைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இந்த வீதியில் படம் எடுத்து, எவ்வளவு அமைதி என்கிறார்கள். அந்த அமைதி எப்படி வந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. வீடுகளில் ஆட்கள் இல்லை, அதனால் சத்தம் இல்லை. அவ்வளவுதான்.

எனக்குச் சிறுவயது தொட்டே திகதி எழுதும் பழக்கம். தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, வழியில் கண்ட வீடுகளின் ஆண்டுகளை எழுதத் தொடங்கினேன். இரண்டாம் வாரத்திலேயே கணக்கு ரீச்சர் கண்டுகொண்டார்.

“மற்றவையின்ர வீடெல்லாம் எழுதுறீர். என்ர வீட்டை ஏன் விட்டனீர்?”

“அதைப் பாக்கேலாதே, ரீச்சர். பாத்தால் சத்தம் போடுறாங்கள்.”

“முழுக்கப் பாக்கத்தான் ஏலாது. ஒரு நாளைக்கு ஒண்டைப் பாக்கலாம்.”

அப்படித்தான் எங்கள் ஒழுங்கு தொடங்கியது. வேம்படியிலிருந்து முகாமின் கடைசிக் கம்பம்வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவேண்டும். தலையைத் திருப்பக்கூடாது, நிற்கக்கூடாது. கடைக்கண்ணால் ஒரு பொருளைப் பார்க்க மட்டும் நேரம் இருக்கும். திங்கட்கிழமை யன்னல், செவ்வாய் ஓடு, புதன் கிணற்றடி, வியாழன் மரங்கள், வெள்ளி முகப்பு. அவர் பார்ப்பதையே நானும் பார்ப்பேன். கம்பம் தாண்டி வளைவில் ஒரு மதகு இருந்தது. அங்கே இறங்கித் தண்ணீர் குடிப்பதுபோல நின்று, கண்டதை இருவரும் தனித்தனியே சொல்லுவோம். இரண்டும் ஒத்துப்போனால்தான் எழுதவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

“எத்தினை யன்னல்?”

“ஏழு, ரீச்சர்.”

“ஏழரை. சாமியறை யன்னலில ஒரு கதவு நிக்குது. வரலாறு படிப்பிக்கிற ஆக்களுக்கு அரை எண்டால் கணக்கில்லைப் போல.”

அவர் பகிடி விடாத நாள் குறைவு. கிணற்றுக் கட்டில் யாரோ சவர்க்காரம் வைத்திருந்ததைக் கண்ட புதன்கிழமை, “கடைசியில என்ர கிணத்தடியில ஒருத்தன் ஒழுங்காக் குளிக்கிறான். என்ர மனுசன் இருந்த காலத்தில அவரைக் கலைச்சுக் கலைச்செல்லோ குளிக்க அனுப்பினனான்” என்றார். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். “ஒரு நாள் அந்தக் குசினியில தேத்தண்ணி வைச்சுக் குடிக்கவேணும். பிறகு என்ன வந்தாலும் வரட்டும்.”

காவலுக்கு நின்றவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வந்த ஒருவன், மரியாதை தெரிந்த பிள்ளை, அரைகுறைத் தமிழில் அவரை விசாரித்தான். “அம்மா வீடு எங்கே?”

“கிட்டத்தான், மேனை” என்றார் ரீச்சர், தன் படலை வாசலுக்கு நேரே நின்றுகொண்டு. அவன் சிரித்துத் தலையாட்டினான்.

கொப்பியை இப்போதும் வைத்திருக்கிறேன். 1998 பங்குனியில் மாமரம் தறிக்கப்பட்டது. அதே ஆண்டு ஐப்பசி மழைக்கு முன் பின்விறாந்தை ஓடுகள் இறக்கப்பட்டன. 2000 வைகாசியில் யன்னல் நான்கு. முகப்பில் சிலுவைக்குக் கீழே 1938 என்று இருந்தது. 2001இல் கடைசி இலக்கம் உதிர்ந்து 193 ஆனது. “இப்ப வீடு கிறிஸ்துவுக்குக் கிட்டப் போயிட்டுது” என்றார் ரீச்சர்.

சண்டை ஓய்ந்திருந்த 2003இல், முகாம்களாக இருந்த வீடுகளைப் பற்றி விசாரிக்க வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவர் சொன்ன விதி எளியது. ஆட்கள் இருக்கக்கூடிய வீட்டை எடுத்திருந்தால் திருப்பிக் கொடுப்பதைப் பற்றிப் பேசலாம். எடுக்கும்போதே இடிந்து கிடந்த வெறும் வளவென்றால் அது வேறு பட்டியல், அதற்கு இப்போதைக்கு முடிவில்லை. அதிகாரியின் கையிலிருந்த ரீச்சரின் வீட்டுக் கோவையில் ‘வெறும் வளவு’ என்று எழுதியிருந்தது. ரீச்சரிடம் இருந்த உறுதிப்பத்திரம் காணியைப் பற்றிப் பேசியதே தவிர, கூரையைப் பற்றியோ யன்னலைப் பற்றியோ பேசவில்லை. அங்கே ஒரு வீடு நின்றது என்பதையும், அது எந்தெந்த நாளில் எப்படிக் குறைந்தது என்பதையும் சொல்ல உலகத்தில் என் கொப்பி ஒன்றுதான் இருந்தது. ரீச்சர் என்னைச் சாட்சியாக எழுதிக்கொடுத்தார்.

விசாரணைக்கு முந்திய வாரம் முகாம் காவலில் நின்ற ஒருவன் என் அடையாள அட்டையைத் திருப்பித் தரும்போது, “ரீச்சர் மதகில நல்லா எழுதுறது, ஆ?” என்று சிரித்தான். என் தம்பி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தான். அவனுடைய விலாசம் முகாமில் கொடுத்த எங்கள் வீட்டுப் பதிவில் இருந்தது. இதை என் பக்க நியாயமாகச் சொல்லவில்லை. நடந்த வரிசையில் சொல்கிறேன்.

விசாரணை மண்டபத்தில் அந்தக் காவல்காரன் சாதாரண உடுப்பில் சுவரோரக் கதிரையில் இருந்தான். அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

“உங்களிட்ட ஒரு குறிப்புக் கொப்பி இருக்கெண்டு இவ சொல்லுறா. கொண்டுவந்தனீங்களே?”

கொப்பி என் மடியில், கைப்பைக்குள் இருந்தது. “அப்பிடி ஒண்டும் இல்லை, சேர். பள்ளிக்கூடப் பாடக்குறிப்புத்தான்.”

“வீட்டைப் பற்றி ஏதும்?”

“வீட்டை நான் வடிவாப் பாத்ததில்லை. அதில நிண்டு பாக்கேலாதுதானே.”

இரண்டாவது பதில் பொய்யென்று யாரும் சொல்லமுடியாது. அதுதான் என்னை இன்றுவரை விடாமல் அரிக்கிறது.

வெளியே ரீச்சர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், அழுவார் என்றும் நினைத்தேன். பரீட்சைத்தாள் திருத்தும்போது பேசுகிற குரலில் சொன்னார்.

“வழி எல்லாம் சரியாத்தான் எழுதியிருந்தீர். விடையைக் கேட்ட இடத்தில அழிச்சுப்போட்டீர்.” பூட்டைக் கூடைக்குள் போட்டார். “நாளைக்கு நான் நேரத்தோட வெளிக்கிடுவன். நீர் ஆறுதலா வாரும்.”

எத்தனையோ திகதிகளை எழுதி வைத்திருக்கிறேன். மாமரம் விழுந்த திகதி இருக்கிறது, ஓடு இறங்கிய திகதி இருக்கிறது. இந்த நாளின் திகதியை மட்டும் எழுதவில்லை. மாதம்கூட இப்போது நிச்சயமில்லை.

அதற்குப் பிறகு நான்கு வருடம் இரண்டு பெண்கள் ஒரே வீதியில், ஒரே பாடசாலைக்கு, பத்து நிமிட இடைவெளியில் சைக்கிள் ஓடினோம். ஆசிரியர் அறையில் அவர் என்னோடு கதைக்காமல் விடவில்லை. வெண்கட்டிப் பெட்டியை நகர்த்தி, “நாளைக்கு மேற்பார்வை உங்களுக்கு” என்பார். ‘நீர்’ என்று கூப்பிட்டவர் ‘நீங்கள்’ என்று மாறியிருந்தார். மழை பெய்த காலைகளில் வீதியோர மணலில் அவருடைய ரயர்த் தடம் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும். வேம்படியில் அதற்குப் பக்கத்தில் செருப்புத் தடம் சேரும். மதகில் அந்தத் தடம் நிற்கவில்லை. நான் மட்டும் நின்றேன். எழுதிக்கொண்டும் இருந்தேன், ஒத்துப்பார்க்க ஆளில்லாமல். அந்தக் குறிப்புகளை நானே முழுதாக நம்புவதில்லை.

2007இல், சண்டை திரும்பத் தொடங்கிய பின், அவர் சுகமில்லாமல் கிடந்து இறந்துபோனார். புளியங்கூடலிலிருந்து ஊர்காவற்றுறைத் தேவாலயத்துக்கு உடலை உழவு இயந்திரப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனோம். பின்னால் பத்துப் பதினைந்து சைக்கிள்கள். பலகையடியில் எல்லோரும் இறங்கினார்கள். அன்று நான் வேம்படியிலேயே இறங்கினேன். உழவு இயந்திரத்தை அவருடைய படலைக்கு நேரே நிறுத்தி அனுமதிக் கடிதங்களைப் பார்த்தார்கள். சவப்பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. அதையும் நன்றியோடு குறிப்பிடவேண்டிய காலம் அது. முகப்பில் சிலுவையும் 19உம் மிஞ்சியிருந்தன. பிறகு கை காட்டினார்கள், வண்டி நகர்ந்தது. கணக்கு ரீச்சர் தன் வாசலில் இறங்காமல் போன ஒரே நாள் அது.

2009 முடிகிற காலத்தில் முகாமை எடுத்துவிட்டார்கள். போகும்போது வீட்டையும் மதிலையும் மட்டமாக இடித்துத் தள்ளியிருந்தார்கள். கோவையில் எழுதிய பொய் ஆறு வருடத்துக்குப் பிறகு உண்மையாயிற்று. ரீச்சரின் தங்கை மகள் கனடாவிலிருந்து எழுதிக் கேட்டதால் கொப்பியை எடுத்துக்கொண்டு காணி விசாரிக்கும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுதுவினைஞர், இளம் பெண், ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள்.

“நல்ல வடிவா எழுதியிருக்கிறியள், ரீச்சர். எல்லாத்துக்கும் திகதி இருக்கு.” முன்பக்கத்தை இன்னொருமுறை பார்த்தாள். “இதை ஏன் 2003 விசாரணையில குடுக்கேல்லை?”

அவள் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். நான் கொப்பியை வாங்கிக்கொண்டு எழும்பினேன்.

திரும்பும்போது அந்த வீதியால்தான் வந்தேன். வெள்ளிக்கிழமை. ஊர்காவற்றுறைப் பக்கத்திலிருந்து வந்தால் மதகுதான் முதலில் வரும், வேம்படி கடைசியில். பலகை இல்லை, கம்பம் இல்லை, இறங்கு என்று சொல்ல ஒருவரும் இல்லை. மதகைத் தாண்டியதும் இறங்கிவிட்டேன். தலையைத் திருப்பாமல், கடைக்கண்ணால் முகப்பு நின்ற பக்கத்தைப் பார்த்தபடி சைக்கிளை உருட்டினேன். நிமிர்ந்து முழுதாகப் பார்க்க இப்போது தடையில்லை. முடியவில்லை. வேம்பின் அடிக்கட்டையை அணுகும்போது, எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்தார்.

“என்ன ரீச்சர், உருட்டிக்கொண்டு வாறியள்? காத்துப் போயிட்டுதே?”

“ஓம்” என்றேன்.

இரண்டு ரயரிலும் காற்று நிறைய இருந்தது.