அக்காவுக்காக நான் பேசிய பேச்சு

பேச்சுப் போட்டிகளில் எதிரணியை வாயடைக்கச் செய்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமையாலேயே என் அக்காவை இழக்கப் பார்த்தேன்.

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வராது. பண்ணைக்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிறாள். சென்ற பருவத்தில் ஒரு காலை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். ஜீப்பில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். நீண்ட வரிசை நின்றது. "மாற்றுத்திறனாளிக்கு முன்னுரிமை என்பது சலுகையன்று, உரிமை!" என்று முழங்கினேன்.

"ஏலே வக்கீலு, மொதல்ல உள்ள போ. எங்க காது வலிக்குது" என்று ஓர் அம்மா வழிவிட்டார்.

மருத்துவர் அக்காவைப் பாராமல் என்னையே கேட்டார்: "எப்ப இருந்து வலி?"

"இன்னைக்கு வெள்ளனே இருந்துதான் சார். வெறும் வயித்துல காப்பி குடிச்சிருக்கா."

வாயுத் தொல்லை என்று மாத்திரை எழுதினார். அக்கா மேசையை ஓங்கித் தட்டினாள். அவர் பேனாவைப் பிடுங்கிச் சீட்டின் பின்புறம் எழுதினாள்: 'மூணு நாளா வலி. இப்ப வலது பக்கம், கீழ. தம்பிக்குத் தெரியாது.'

மருத்துவர் அங்கே அழுத்தியதும் துடித்துப்போனாள். அன்றே திண்டுக்கல்லில் குடல்வால் அறுவை நடந்தது. சில மணி நேரம் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்றார்கள்.

கண் விழித்த அக்கா சைகையில் கேட்டாள்: "நீ பேசுனா ஊரே வழிவிடுது. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

கடைக்குப் போய் ஒரு நோட்டும் பேனாவும் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் மருத்துவமனையில் நோட்டும் பேனாவும் அக்காவின் கையில்தான் இருக்கும். மருத்துவர் என் பக்கம் திரும்பினால், "நோயாளி அவங்க சார், அவங்களையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறேன். நான் ஆற்றும் உரைகளில் மிகக் குறுகியது அதுதான்.