ஹெல்மெட்டை ஒளித்துவைக்கிற ஆள்

அமெரிக்கக் கால்பந்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் பந்தை எறிகிறவர் அல்ல. அதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவரும் அல்ல. தலையில் அடிபட்ட ஆட்டக்காரனின் ஹெல்மெட்டை எடுத்து ஒளித்துவைக்கிற ஆள்தான். கோட்டுக்கு வெளியே நிற்பார். அவர் பெயரைத் திரையில் போடமாட்டார்கள். அடிபட்டவன் தனக்கு ஒன்றுமில்லை என்று திமிறுவான். ஹெல்மெட் இல்லாமல் உள்ளே போக முடியாது என்பதால் பெஞ்சுக்கு மேலும் கீழும் அதைத் தேடுவான். இவர் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார். சண்டை போடமாட்டார், வாதாடவும் மாட்டார். என்னைப் போன்ற ஒருவனால் செய்யக்கூடிய வேலை அது என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு இந்த ஆட்டத்தைப் பார்க்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எட்டு வருஷம் வளைகுடாவில், அமெரிக்கச் சிப்பாய்களின் முகாமில் சாப்பாட்டுக்கூடத்து மேசைகளைத் துடைத்தேன். மூலையில் ஒரு பெரிய டிவி இருந்தது. அதன் கீழே யாராவது ஒரு சிப்பாய் உப்புக் குப்பிகளையும் மிளகுக் குப்பிகளையும் எதிரெதிரே நிறுத்தித் தன் கூட்டாளிக்கு ஆட்டத்தை விளக்குவார். நான் பக்கத்து மேசையைத் துடைத்ததையே திரும்பத் துடைத்துக்கொண்டு காதுகொடுப்பேன். அந்த எட்டு வருஷத்தில் யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. சட்டங்களெல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தன.

ஊருக்குத் திரும்பி ஸ்டோரில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலைதான் ஸ்டோர். வேலை பின்னேரம்தான் என்பதால் காலையில் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போய்ப் போனில் ஆட்டத்தின் சுருக்கத்தைப் பார்ப்பேன். அங்கேதான் சிக்னல் நன்றாக வரும்.

என் மனைவி எப்போதாவது எட்டிப் பார்ப்பாள்.

“ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து கெடக்குறானுங்க. பந்து எங்கங்க?”

“அடியில இருக்கு.”

“அடியில இருக்கவன் கதி?”

“அவனும் எந்திரிச்சிருவான்.”

“எந்திரிச்சா சரிதான்” என்று சொல்லிவிட்டுப் போவாள்.

எனக்கென்று சில அபிப்பிராயங்கள் உண்டு. பத்து யார் தூரம் போவதற்கு நாலு வாய்ப்புக் கொடுக்கும் சட்டம் மிக நல்ல சட்டம். மூன்று தடவை தவறியவனுக்கும் இன்னொன்று பாக்கி இருக்கும். பந்தை எறிகிறவனைப் பின்னால் நின்று எல்லோரும் சேர்ந்து கோட்டுக்கு அப்பால் தள்ளுவதை அசிங்கம் என்று அங்கே பலர் திட்டுகிறார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மழைக்காலத்தில் கொழுந்து லொறி சேற்றில் மாட்டினால் நாங்களும் அப்படித்தான் தள்ளுகிறோம். தொடக்க உதையின்போது இரண்டு பக்கத்தாரும் தூரத்திலிருந்து ஓடிவந்து மோதாமல், கிட்டக்கிட்ட நிறுத்திவைக்கும் புதுச் சட்டத்தால் ஆட்டத்தின் வீரமே போய்விட்டதாம். போகட்டும். மண்டை உடையாமல் இருந்தால் போதும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சட்டம், உயரத்திலிருந்து பந்து இறங்கும்போது கீழே நிற்பவன் கையைத் தூக்கி அசைத்துவிட்டால் அவனை யாரும் தொடக்கூடாது என்பது. இருநூறு ராத்தல் ஆள் பாய்ந்து வந்தும், பக்கத்தில் வந்து நின்றுவிடுவான். ஒரு கையைத் தூக்குவதற்கு அவ்வளவு மதிப்பு.

போன மாரியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு மேல், மனைவிக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு, அவள் கொழுந்தெடுக்கும் மலைக்குப் போனேன். பெண்கள் காலைக் கொழுந்தை நிறுக்க மடுவத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவளும் நிறைந்த பையை முதுகில் போட்டு, அதன் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டு வந்தாள். தண்ணீர் ஓடும் கானைத் தாண்டும்போது கால் வழுக்கியது. பின்னந்தலை கான் ஓரத்துக் கல்லில் அடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

உடனே எழுந்துவிட்டாள். ஆனால் மடுவத்தின் பக்கம் வராமல், வந்த வழியே இரண்டு எட்டுத் திரும்பி நடந்தாள். பிறகு ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நடை எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்த நடை. மைதானத்தின் உச்சியில் கண்ணாடி அறைக்குள் ஒருவர் இதற்கென்றே உட்கார்ந்திருப்பார். ஆட்டக்காரன் இப்படித் தள்ளாடுவதைக் கண்டால் உடனே ஆட்டத்தை நிறுத்தச் சொல்வார். பயிற்சியாளர்கூட மறுக்க முடியாது. அடிபட்டவனை ஓரத்தில் இருக்கும் சின்ன நீலக் கூடாரத்துக்குள் கொண்டுபோவார்கள். எந்த அணியையும் சேராத ஒரு டாக்டர் கேள்வி கேட்பார். அவர் விட்டால்தான் திரும்ப ஆடலாம்.

மடுவத்தில் கங்காணி சிரித்துக்கொண்டே வரவேற்றார்.

“என்னா தங்கச்சி, கல்லு ஒடஞ்சிருச்சா?”

“ஒடச்சிட்டுத்தான் வாறேன்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கங்காணியிடம் போய், “தலையில பட்டிருக்குங்க” என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“அதான் நிக்கிதேண்ணே தங்கச்சி. நீங்க ஏன் வேர்த்துப்போய் நிக்கிறீங்க?”

திரும்பவும் சிரிப்பு. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா, “மச்சான் தேத்தண்ணியத் தூக்கிக்கிட்டு வந்த களைப்பு” என்றார். நான் தேத்தண்ணிப் போத்தலைக் கீழே வைத்தேன். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் நின்றால் போதும், உள்ளே அனுப்பிவிடுவார்களாம். எங்களுக்கு இன்னும் அந்தக் காலம்தான்.

“வீட்டுக்குப் போவம் வா” என்று அவளிடம் மெல்லச் சொன்னேன்.

“அரைப் பேருக்கா? ஆளப் பாருங்க” என்றாள். குறித்த அளவு கொழுந்து எடுத்தால்தான் அன்றைக்கு முழுப் பேர் விழும். பாதியில் போனால் அரைப் பேர். இருபத்து மூன்று வருஷத்தில் அவள் அரைப் பேருக்கு வீடு வந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பையை உதறித் தலையில் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாள்.

சாயந்தரம் ஸ்டோரில் சொல்லிவிட்டு நேரத்தோடு வந்தேன். அவள் அடுப்புக்கு முன்னால் இருந்தாள்.

“காலையில தேத்தண்ணி கொண்டாரேன்னீங்க. வரவே இல்ல” என்றாள்.

கூடாரத்துக்குள் டாக்டர் கேட்கும் கேள்விகள் ஞாபகம் வந்தன. எந்த மைதானம், யார் ஜெயிக்கிறார்கள், போன வாரம் யாருடன் ஆடினீர்கள்.

“இன்னைக்கு எந்த மலையில எடுத்த?” என்று கேட்டேன்.

“அஞ்சாம் நம்பரு.”

ஐந்தாம் நம்பரில் முந்தின நாள்தான் எடுத்தார்கள். நான் அதைச் சொன்னதும் கோபம் வந்துவிட்டது அவளுக்கு. “நீங்க என்ன கணக்கப்புள்ளையா?” என்று கேட்டுவிட்டு வெளியே போய்ச் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தாள்.

விடிந்ததும் பதுளைக்கு பஸ் ஏறினோம். வளைவுக்கு வளைவு அவள் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே ரத்தம் கசியவில்லை. டாக்டரம்மா நல்ல தமிழில் பேசினார்.

“மூளை ஆடிப்போயிருக்கு. ரெண்டு கிழமை ஓய்வு. குனியக்கூடாது, வெயில்ல நிக்கக்கூடாது. தலையில பாரம் மாட்டவே கூடாது. ஆறுறதுக்கு முந்தி இன்னொரு அடி பட்டா ரொம்பக் கஷ்டம்.”

எனக்குத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். இரண்டாவது அடிதான் ஆளை முடிக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இளம் ஆட்டக்காரர்கள் சிலர் பெண்டாட்டி பெயரை மறந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தலையை ஆட்டினேன், அவ்வளவுதான்.

டாக்டரம்மா எழுதிக்கொடுத்த துண்டைக் கங்காணியிடம் கொடுத்தேன். “இருக்கட்டும், இருக்கட்டும், ஓய்வா இருக்கட்டும்” என்றார். நல்ல மனிதர்தான். “ஆனா அவ நெரைய சும்மா போட ஏலாதுண்ணே. வேற ஆள விடுறேன்.”

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஆறாம் நம்பரில் ரோட்டோரமாகப் போகும் தேயிலை நிரை, வருஷக்கணக்காக அவளுடையது. ஆட்டக்காரர்களும் இதற்குத்தான் பொய் சொல்கிறார்கள். காயத்துக்கு அல்ல, தங்கள் இடத்தில் வந்து நிற்கும் புதியவனுக்குத்தான் பயப்படுகிறார்கள். இந்த விஷயத்தில் நான் ஆட்டக்காரர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்கள் கையில் விடக்கூடாத முடிவு அது. சட்டமும் அதனால்தான் வந்தது.

ஏழாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது, “நாளைக்குப் பெரட்டுக்குப் போறேன்” என்றாள். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு.

“டாக்டரம்மா ரெண்டு கிழமைன்னாங்க.”

“எனக்குத் தல சுத்தல. எந்த மலைன்னு கேளுங்க, சொல்றேன்.”

“இன்னும் ஒரு வாரம்.”

“நீங்க அந்தப் போனப் பாத்துக்கிட்டு இருங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் காலை நான் அவளுக்கு முன்னால் எழுந்து, அவளுடைய பையையும் கயிற்றையும் எடுத்து விறகு அடுக்குக்குப் பின்னால் செருகினேன். பிறகு வாசலில் நின்று, எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு பல் துலக்கினேன். அவள் கட்டிலுக்கு அடியில் தேடினாள். கதவுக்குப் பின்னால் தேடினாள்.

“இந்தாங்க, என் பைய கண்டீங்களா?”

“இல்லயே” என்றேன். என் வாழ்க்கையில் அவளிடம் நான் சொன்ன பெரிய பொய் அது. கொஞ்ச நேரம் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

ஆனால் அங்கே ஓர் ஆட்டக்காரனின் ஹெல்மெட்டை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுக்கமாட்டான். இங்கே லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். பக்கத்துக் காம்பரா அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

“பைதானே? எங்க பழைய கூட கெடக்கு, எடுத்துட்டுப் போ. திட்டிக்கிட்டு நிக்காத, பெரட்டு முடிஞ்சிரும்.”

பிரம்புக் கூடை. வெறுமையாகவே பையைவிட நாலு மடங்கு பாரம். என் மனைவி அதன் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டு, நான் வாயைக் கொப்பளிப்பதற்குள் படிகளில் இறங்கிவிட்டாள்.

பெரட்டுக் களத்துக்கு ஓடினேன். எல்லோரும் நின்றார்கள். கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன். தோள் உயரத்துக்குத்தான் வந்தது.

“என்னாண்ணே?” என்றார் கங்காணி. “நீங்களும் கொழுந்துக்கு வாறீங்களா?”

பெண்கள் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு உங்களிடம்தானே இருக்கிறது, அதை ஒருமுறை வாசியுங்கள் என்று சொல்வதற்கு எல்லாச் சொற்களும் வாயில் இருந்தன. “ஒன்னுமில்லைங்க” என்றேன். கங்காணி அவள் பேரைக் கூப்பிட்டார். ஆறாம் நம்பர் என்றார்.

அன்றைக்கு நான் தண்ணீர்த் தாங்கிக்குப் போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து, நிறைந்த பிரம்புக் கூடை ஒரு கழுத்தின் மேல் எவ்வளவு இழுக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். விறகுக்குப் பின்னாலிருந்து பையை எடுத்துத் தூசி தட்டினேன். கயிற்றில் தலை படும் இடத்தில் என் பழைய சாரத்தை நாலாக மடித்துச் சுற்றித் தைத்தேன்.

மலையில் அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையை நீட்டினேன்.

“எங்க இருந்துச்சு?”

“வெறகுக்குப் பின்னால.”

கயிற்றில் சுற்றியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

“போட்டு விடுங்க” என்றாள்.

குனிந்து நின்றாள். நான் கயிற்றை அவள் தலையில், அடிபட்ட இடத்துக்குச் சற்று முன்னால் வைத்தேன். பிறகு கூடையிலிருந்த கொழுந்தை, கை கையாக அள்ளி, அந்தப் பைக்குள் போட்டேன்.