வாக்குமூலத்தில் நான் எழுதிய பொய்

தாம்பரம் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் நான் ரைட்டராக இருந்தேன். புகார்களை எழுதுவதுதான் என் வேலை. கந்துவட்டிக்கு எதிராகப் புதிதாகச் சட்டம் வந்திருந்த சமயம் அது.

ஒரு காலையில், மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் அழுதுகொண்டே வந்தார். அவர் கடன் வாங்கியிருந்த வட்டிக்காரனின் ஆட்கள் அவருடைய மீன்கூடையை நடுரோட்டில் கவிழ்த்துவிட்டார்களாம்.

"பொண்ணு படிக்கிற காலேஜ் வாசல்ல நின்னுகினு அசிங்கமா பேசுறான் சார். எழுதிக்கோ சார்."

நான் பேனாவைத் தொடவே இல்லை. "வாங்கும்போது தெரியலையா? போய்ப் பேசி முடிச்சுக்கோ" என்றேன். அவர் போனதும் வட்டிக்காரனுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். என் மகள் காதுகுத்துக்கு மோதிரம் போட்டவன் அவன்.

அன்று மாலையே அவனுடைய ஆட்கள் அந்த அக்காவை வீடு புகுந்து அடித்திருக்கிறார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் எழுத, எங்கள் பெண் இன்ஸ்பெக்டர் என்னை அழைத்துப்போனார்.

"முன்னாடியே ஏம்மா ஸ்டேஷனுக்கு வரல?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் காகிதத்தின் மேல் குனிந்துகொண்டேன்.

"பயந்துகினு இருந்தேன் மேடம். அதான் வரல."

அதை அப்படியே எழுதினேன். அதை வைத்து அன்றைக்கே வட்டிக்காரன் கைதானான்.

ஆஸ்பத்திரியில் எழுதி முடித்து, இன்ஸ்பெக்டர் வெளியே போனதும், "ஏன்க்கா என்னைக் காப்பாத்துனீங்க?" என்று மெல்லக் கேட்டேன்.

"காப்பாத்தல சார். உன்னக் காட்டிக் குடுத்துட்டா, நாளைக்கு அந்த ஸ்டேஷன்ல எங்க புகார யாரு சார் எழுதுவா?"

அவர் என்னை மன்னித்ததாக ஒரு நிமிடம் நினைத்திருந்தேன். வட்டிக்காரனுக்குப் பயந்த அளவுக்கு எனக்கும் பயந்திருக்கிறார். அந்த வாக்குமூலத்தைத் திருத்தும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.