மர்கெல்லா திருப்பிக் கொடுத்த பரிசுகள்

மர்கெல்லாவுக்குக் கடலைப் பிடிக்காது. கிரீஸில் எங்கள் தீவு ஊரான வ்ரொந்தாதோஸில் இருந்துகொண்டு இதை வெளியே சொல்ல முடியாது. இங்கே வீட்டுக்கு ஓர் ஆள் கப்பலில் இருக்கிறான், ஊருக்குச் சோறு போடுவதே கடல்தான். அவளும் சொன்னதில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கம்பியில் மெழுகுப் பூ கோப்பாள், அவ்வளவுதான். நான் யாசெமி, அதே மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பெட்டி கட்டுகிறவள். ஜன்னல் என் முகத்துக்கு நேரே இருப்பதால் தெருவில் எது நடந்தாலும் முதலில் என் கண்ணில்தான் படும்.

எங்கள் கல்யாணங்களில் பாதிரியார் மணமக்கள் தலையில் வைக்கும் மகுடங்களை அவள் செய்கிறாள், ஜோடி ஜோடியாக, நாடாவால் இணைத்து. வாசலில் பலகை கிடையாது. கடை முழுக்க இணையத்தில்தான். ஏதென்ஸிலோ மெல்போர்னிலோ ஒரு பெண் தன் கல்யாணத்துக்கு மகுடம் தேடினால் முதல் பக்கத்தில் மேலேயே மர்கெல்லாவின் கடை வரும். அந்த இடத்தை அவள் காசு கொடுத்து வாங்கவில்லை. எந்த முகவெட்டுக்கு எந்த மகுடம் எடுக்கும், மெழுகு மஞ்சளாகாமல் இருக்க எங்கே வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து எழுதினாள். கல்யாணமான பெண்கள் படம் அனுப்பினார்கள், மற்றவர்களுக்கும் சொன்னார்கள். அப்படி வந்த இடம்.

அந்த இடத்தை நம்பித்தான் தம்பி இசிடோரோஸைக் கரையில் பிடித்து வைத்திருந்தாள். அவன் வேலை பார்த்த கப்பல் பிஸ்கே வளைகுடாவில் கவிழ்ந்தது. அவனைத் தண்ணீரிலிருந்து உயிரோடு தூக்கிவிட்டார்கள். அவனோடு ஒரே அறையில் இருந்த ஸ்த்ராத்தோஸ் கிடைக்கவே இல்லை. ஸ்த்ராத்தோஸ் எங்கள் தெரு மேட்டிலிருக்கும் கேப்டன் ஃப்ரங்கூலிஸின் ஒரே மகன். திரும்பி வந்ததிலிருந்து இசிடோரோஸ் அந்த மேட்டுப் பக்கமே போகமாட்டான், ரொட்டி வாங்கக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவான். கேப்டனும் இறங்கி வந்ததில்லை. தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்தாலே அவன் கை நடுங்கும். அந்தக் கையால் மகுடம் மட்டும் நன்றாகச் செய்தான்.

வினை மர்கெல்லாவின் பெயர்நாளன்று வந்தது. ஜூலையில் புனித மர்கெல்லா திருநாள். அழைக்காமலே ஊர் முழுக்க வீட்டுக்கு வரும், கையில் கேக் பெட்டியோடு. மர்கெல்லாவின் அத்தை மகன் த்ராசோஸ், போன் கடையில் நிற்பவன், அரைகுறையாக எல்லாம் தெரிந்தவன், இந்த வருஷம் கேக் வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான். உறவில் யார் யாருக்கு இணையத்தில் பக்கம் இருக்கிறதோ அவர்கள் அதில் ஒரு வரி போட வேண்டும், ‘கிரீஸின் சிறந்த மணமகுடங்கள்’ என்று, அதைத் தொட்டால் மர்கெல்லாவின் கடை திறக்க வேண்டும். அதுதான் பரிசு. டயர் கடை, பல் டாக்டர், கிணறு தோண்டுகிறவர், நியூயார்க்கில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கம், ஒருவர் பாக்கியில்லாமல் போட்டார்கள். கேப்டன் வீட்டுக்கும் த்ராசோஸ் போயிருக்கிறான். ஸ்த்ராத்தோஸின் நினைவுக்காக அவர் ஓர் இணையதளம் வைத்திருக்கிறார், மகனுடைய படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்த வரியைப் போட்டுவிட்டான். அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டியபோது மர்கெல்லா சந்தோஷத்தில் அழுதாள். நானும்தான்.

இலையுதிர் காலம் தொடங்கும்போது கடையைக் காணவில்லை. தளம் இருந்தது, தேடினால் வரவில்லை. முதல் பக்கம், இரண்டாம் பக்கம், விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். ஆர்டர் வந்தால் அவள் போனில் ஒரு மணி அடிக்கும். அந்த மணி நின்றது. அடுத்த கோடைக் கல்யாணங்களுக்கு ஆர்டர் வரும் காலம் அது. கண்ணேறு என்று எதிர்வீட்டுக்காரி தண்ணீரில் எண்ணெய் விட்டுப் பார்த்தாள். மர்கெல்லாவுக்குப் பூக் கோக்கும்போது கம்பி விரலில் குத்துவது அதிகமானது.

ஒரு காலையில் நான் வந்தபோது இசிடோரோஸின் கப்பல் பை மொட்டை மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அலமாரி மேல் வருஷக்கணக்காகக் கிடந்த பை. மர்கெல்லா பார்த்துவிட்டாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டாள். கப்பல் கம்பெனி கூப்பிட்டிருக்கிறது, டிசம்பரில் புனித நிக்கோலாஸ் திருநாள் முடிந்ததும் ஏறச் சொல்கிறார்கள் என்றான். உட்கார்ந்து தின்ன முடியுமா என்று அவனே கேட்டு, அவனே முடியாது என்றும் சொல்லிக்கொண்டான்.

“தூக்கத்துல இன்னும் கத்துறான் யாசெமி,” என்றாள் என்னிடம், அவன் போன பிறகு. “அவன் ஏறினா நான் ஒவ்வொரு நாளும் செத்துப் பொழைக்கணும்.”

தெசலோனிக்கியில் தேடலில் காணாமல்போன தளங்களை மீட்டுக் கொடுப்பதையே தொழிலாகச் செய்யும் அந்தூலா என்ற பெண்ணை யாரோ சொல்லிப் பிடித்தோம். அவள் தளத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், டயர் கடைக்காரன் எதற்குக் கல்யாண மகுடத்தைச் சிபாரிசு செய்கிறான்? அத்தனை பேரும் ஒரே நாளில் ஒரே வார்த்தையில் எழுதினால், காசு கொடுத்து வாங்கிய சிபாரிசு என்றுதான் தேடுபொறிக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். தண்டனையாகக் கடையைக் கீழே தள்ளிவிட்டார்கள். மீள வழி உண்டா என்று கேட்டோம். எல்லாரையும் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள், எடுக்க மறுப்பவர்களின் வரியைக் கணக்கில் கொள்ளாதீர்கள் என்று தேடுபொறிக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் முதலில் நிஜமாகவே போய்க் கேட்டிருக்க வேண்டும், அப்புறம் நடந்ததை ஒளிக்காமல் எழுதி மறுபரிசீலனை கேளுங்கள் என்றாள். எடுக்கச் சொல்லுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டாள். பெயர்நாள் பரிசைத் திருப்பிக் கொடுத்தவளை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

போனோம், வீடு வீடாக. மர்கெல்லா முன்னால், அவள் திரும்பி ஓடிவிடாமல் இருக்க நான் பின்னால். டயர் கடை மிக்கெஸ் கையைக்கூடத் துடைக்காமல் கேட்டான், “ஏன், எங்க டயரு உங்க மகுடத்துக்கு மரியாதைக் குறைச்சலா?” அவள் பெரியம்மா ஒரு படி மேலே போனாள். “நான் கேக் கொண்டுவந்திருந்தா, தின்னதைத் துப்பிக் குடுப்பியாடி?” மர்கெல்லா எல்லா வாசலிலும் தலை குனிந்து ஒரே பதிலைச் சொன்னாள், தம்பி கப்பலேறிவிடுவான் என்று. அதைக் கேட்டதும் ஒவ்வொருவராக முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்கள். த்ராசோஸ்தான் எல்லார் வீட்டுக்கும் போய் எடுத்துக் கொடுத்தான். திட்டும் வாங்கிக்கொண்டான், அது அவனுக்கு வேண்டியதுதான்.

கேப்டன் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. மேட்டின் பாதி வரை ஏறினாள், நின்றாள், திரும்பினாள். செத்த பிள்ளையின் படத்தடியில் இருப்பதை எடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? அதுவும், பிழைத்து வந்தவனின் அக்கா? கேட்டும் பதில் வரவில்லை என்று அவர் தளத்தை மறுத்தவர்களோடு சேர்த்து எழுதி அனுப்பிவிட்டாள். பொய். வேண்டாம் என்று நான் சொன்னேன், கேட்கவில்லை.

பதில் வந்தது. போதாது, சிபாரிசுகள் இன்னும் இருக்கின்றன என்று. உதாரணத்துக்கு அவர்கள் காட்டியிருந்த பக்கத்தைத் திறந்தால், கப்பலின் மேல்தளத்தில் சட்டையில்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறான் ஸ்த்ராத்தோஸ். பக்கத்தில் தோளில் கை போட்டு இசிடோரோஸ். மர்கெல்லா முகத்தை மூடிக்கொண்டாள். இசிடோரோஸ் அவள் தோளுக்கு மேலே எட்டி அந்தப் படத்தைப் பார்த்தான். அந்த வரி அங்கே இருப்பது அதுவரை அவனுக்குத் தெரியாது.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ஜன்னல் வழியே பார்த்தேன். ரொட்டிக் கடைப் பக்கம் திரும்பவில்லை, நேரே மேட்டில் ஏறினான். “கேப்டன் வீட்டுக்குப் போறான்,” என்றேன். மர்கெல்லா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள், கடல் தெரியும் பக்கம் என்பதைக்கூட மறந்து. கேப்டன் கதவைத் திறந்தார். இருவரும் வாசலிலேயே நின்றார்கள். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு கதவு மூடிக்கொண்டது. காப்பி ஆறிப்போனது, யாரும் தொடவில்லை. அவள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது.

வெயில் சாய்ந்தபிறகு வந்தான், ஒரு பை நிறைய ஆரஞ்சோடு. கண் வீங்கியிருந்தது.

“எப்படி நடந்துச்சுன்னு கேட்டாரு. இத்தனை நாளா யாரும் வந்து சொல்லலையாம். எல்லாம் சொன்னேன்,” என்றான். “வரியை எடுத்துட்டாரு. அப்புறம் எந்தக் கப்பல்னு கேட்டாரு. எம் முன்னாடியே கம்பெனிக்குப் போன் போட்டு, எம் பேரை எடுத்துடச் சொல்லிட்டாரு.”

அந்தக் கம்பெனியில் கேப்டன் சொன்னால் சொன்னதுதான். மர்கெல்லா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு முகம் வெளுத்தது. கப்பலும் இல்லை, கடையும் இல்லை. இந்த முறை முதலில் எழுதிய பொய்யையும் சேர்த்து எழுதி அனுப்பினாள். பிறகு காத்திருப்பு. புனித நிக்கோலாஸ் போனது, கிறிஸ்துமஸ் போனது, மணி அடிக்கவில்லை. எனக்கே ராத்திரி தூக்கம் போனது.

புத்தாண்டுக் கேக் வெட்டி மீந்த துண்டைத் தின்றுகொண்டிருந்தபோது பதில் வந்தது. தண்டனை நீங்கியது. ஓடிப்போய்த் தேடினோம். பழைய இடம் இல்லை. மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது கடை. இனிமேல் முன்போல மெல்லத்தான் ஏறும், நிலைக்குமா என்பதையும் போகப் போகத்தான் பார்க்க வேண்டும் என்று அந்தூலா சொன்னாள். அன்று மத்தியானம் ஒரே ஒரு தடவை மணி அடித்தது.

அப்போதுதான் இசிடோரோஸ் வாயைத் திறந்தான். “அக்கா, கேப்டன் உங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. கடை வராம போயிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்.”

“என்ன?”

“ஊர்ல எல்லார் பரிசையும் திருப்பிக் குடுத்துட்டியாம். இவனை மட்டும் கடலுக்குத் திருப்பிக் குடுத்துராதேன்னாரு.”

மர்கெல்லா எழுந்தாள். உள்ளே போய் அந்தக் கப்பல் பையை எடுத்துவந்தாள். மேசையில் கிடந்த நாடாச் சுருள்களையெல்லாம் அதில் போட்டு, தன் நாற்காலிக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.