தூக்குவாளி ஏந்திய மாதா

ருஷ்யக்காரர் ஒருவர் வரைந்த மாதாவை நான் முதலில் பார்த்தது செல்போனில். நூறு வருஷத்துக்கு முந்தைய படமாம். எங்கள் ஊர்க் கோயிலின் பக்கவாட்டுச் சுவரில் மாதா படம் வரைந்து தரச் சொல்லிப் பங்குச் சாமியார் கேட்டிருந்தார். பள்ளிக்கூடச் சுவர்களில் யானை, மயில், பெருக்கல் வாய்ப்பாடு என்று வரைந்து பிழைப்பவள் நான். மாதாவை வரைந்ததில்லை. மாதிரி தேடிக்கொண்டிருந்தபோது அது கண்ணில் பட்டது.

கிரீடம் இல்லை. தலையில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு பெண், குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி நேராக நம்மைப் பார்க்கிறாள். அவளுக்குப் பின்னால் மேகமும் சிறகு வைத்த சம்மனசுகளும் கிடையாது. அடிபட்ட ஒரு ஊர், தெருவில் நிற்கிற ஜனம். யாரோ ஒருத்தி ரேஷன் கடைக்குப் போகிற வழியில் சற்றே நின்ற மாதிரி இருந்தது. ஆனாலும் அவள் மாதாதான். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த மனுஷர் மாதாவைத் தன் ஊரில் நிற்க வைத்துவிட்டார், நான் எங்கள் மணலூர்பேட்டைப் பக்கம் நிற்க வைத்தால் என்ன என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது.

முதலில் அவரைப் போலவே இரண்டு கையாலும் குழந்தையை அணைத்தபடி போட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. இங்கே எவளுக்கு இரண்டு கையும் சும்மா இருக்கிறது? அழித்துவிட்டுக் குழந்தையை இடுப்பில் ஏற்றினேன். இன்னொரு கையில், கரும்பு வெட்டப் போகிறவர்கள் கொண்டுபோகும் தூக்குவாளியைக் கொடுத்தேன். பின்னால் கரும்புத் தோட்டம், லோடு ஏற்றிய டிராக்டர், தூரத்தில் நீலக் கோடாகக் கல்வராயன் மலை. அதற்கு மேலே வானம். அந்த வானத்தின் நிறம் கலக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. மாதாவின் நிறம் எங்கள் நிறம், அதற்கு யோசிக்கவே இல்லை.

ஊர் இரண்டுபட்டது. கோயில் காரியங்களைப் பார்க்கும் பேரவைச் செயலாளர் நேராகவே வந்து சொன்னார்.

"மாதா கையில தூக்கா? ஜெபமாலைய போடும்மா. தலைல ஒரு கிரீடம் வெய்யி. கலர கொஞ்சம் ஏத்து. இல்லனா திருவிழா கொடியேத்தத்துக்கு முன்னாடி வெள்ள அடிச்சிடுவோம்."

சாமியார் நல்லவர்தான், வம்புக்கு வராத நல்லவர். "ஜனங்க என்ன சொல்றாங்களோ அதும்மா" என்று நழுவிவிட்டார்.

எனக்கா கோபம் வராது? "அடிக்கிறதுன்னா அடிங்க. ஒரு கோடு கூட மாத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய்தான் சொன்னது, வீட்டில் சோறு இறங்கவில்லை. அதுவரை நான் வரைந்ததெல்லாம் யாரோ வரையச் சொன்னது. நானாக வரைந்தது இது ஒன்றுதான். அதன்மேல் சுண்ணாம்பு ஏறினால் ஆயுசுக்கும் யானையும் மயிலும்தான் என்று பயந்தேன்.

போதாக்குறைக்கு வீட்டில் மாமியார். வாழ்க்கை முழுக்கக் கரும்பு வெட்டியவர். படத்தைப் பார்க்காமலே தெருவுக்கே கேட்கும்படி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"கிரீடம் இல்லாத மாதாவ நான் இன்னாத்துக்கு வந்து பாக்கணும்? கரும்பு வெட்றவள பாக்கணும்னா வூட்லயே கண்ணாடி கீது."

கொடியேற்றத்தன்று காலையில் என்ன தோன்றியதோ, மாதாவுக்குக் கட்டி வைத்திருந்த கதம்ப மாலையைக் கூடையில் எடுத்துக்கொண்டு, "கோயிலுக்குத்தான் போறேன். போறப்போ அந்தக் கூத்தையும் ஒரு வாட்டி பாத்துடறேன்" என்று கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். சுவரடியில் சுண்ணாம்பு கரைத்த பக்கெட் தயாராக இருந்தது. மாமியார் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். திட்டு வரும் என்று காத்திருந்தேன்.

"தூக்குல இன்னா கீது?"

"கூழுங்க, அத்த."

"யாருக்கு?"

"புள்ளைக்குத்தான்."

"அப்ப இவ இன்னா துன்னுவா?"

வரைந்தவள் நான், அதை யோசிக்கவே இல்லை. "பட்டினியா நிக்கிறா, பாவி மவ" என்றார் மாமியார். குரல் உடைந்துவிட்டது. எனக்கும் அழுகை வந்தது.

பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் ஏணியும் சுத்தியலும் ஆணியும் கேட்டு வாங்கினார். ஏறினார். மாதாவின் தலைக்குப் பக்கத்தில் ஆணியை வைத்து டங் டங்கென்று அடித்தார். காரை உதிர்ந்தது. மாலையின் ஒரு முனையை அதில் மாட்டியபோது செயலாளர் ஓடி வந்தார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"பாத்தா தெரில? மாதாவுக்குப் பூ போட்றேன்."

"நீங்களேதான் வேணான்னு சொன்னீங்க!"

"அது பாக்கறதுக்கு முன்னாடி. பூ ஏறின மாதா மேல வெள்ள அடிக்கிற ஆம்பள யாருன்னு சொல்லு, நானும் பாக்கறேன்."

எங்கள் பக்கம் பூ ஏறாதவரை அது வெறும் சுவர். ஏறிவிட்டால் எவனும் கைவைக்க மாட்டான். அதற்குள் கோயிலுக்கு வந்திருந்த பெண்கள் சுவரடியில் மெழுகுவத்தி கொளுத்த ஆரம்பித்துவிட்டார்கள். இடுப்புக் குழந்தைக்காரி ஒருத்தி, குழந்தையின் கையைப் பிடித்து மாதாவின் பாதத்தைத் தொட்டுக் கும்பிட வைத்தாள். செயலாளர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தச் சுண்ணாம்பு கொடிமரத்து மேடைக்கு ஆயிற்று. ஜெயித்துவிட்டேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

ஒரு பக்கம் மட்டும் மாட்டிய மாலை கோணலாகத் தொங்கியது. மாமியார் இறங்கி வந்து சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

"இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? அந்தாண்ட ஒரு ஆணி அடி."

நான் நிறம் கலந்து தீட்டிய அந்த வானத்தில் வேறு யாராவது விரல் வைத்திருந்தால்கூடச் சண்டைக்குப் போயிருப்பேன். நானே ஏறி, நட்ட நடு நீலத்தில் ஓங்கி அடித்தேன்.