ஒரு சொம்பு வெந்நீர்

குகட்பள்ளி ஃபிளாட்டில் நானே பீர் காய்ச்சிப் பழகிய புதிது. முளைகட்டிய பார்லிச் சாற்றில் கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஐந்து லிட்டருக்கு நான் எடுத்தது வாயகன்ற பிரியாணி தேக்ஸா. என் மனைவி ரேவதிக்கு அந்த வாடையே ஆகாது. ஆனாலும் அடுப்பருகே நின்று ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். நான் போனைப் பார்த்தபடி ‘ம்’ கொட்டுவேன்.

நண்பர்கள் குடித்துவிட்டுப் புகழ்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு ஞாயிறு, அவர்கள் எதிரிலேயே ரேவதி தேக்ஸாவில் ஒரு சொம்பு வெந்நீரை ஊற்றினாள்.

“ஏய், என்ன பண்றே?”

“வத்திப் போச்சுங்க. எப்பவும் ஊத்துறதுதானே?”

“எப்பவுமா? இது என்ன உங்க வீட்டு ரசமா?” என்று கத்தினேன். நண்பர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த முறை தனியாகக் காய்ச்சினேன். பாதிக்கு மேல் ஆவியாகிவிட்டது. புளிக்கவைத்துத் திறந்தால் பாகு போல ஒரே கசப்பு. நண்பர்கள் இத்தனை நாள் புகழ்ந்தது அவள் ஊற்றிய தண்ணீரைத்தான்.

மன்னிப்புக் கேட்டேன். “நக்கோ, வேணாம் விடுங்க” என்றாள்.

இப்போது வெந்நீரை நானே ஊற்றுகிறேன். பீர் நன்றாகத்தான் வருகிறது. அந்த ஒரு மணி நேரமும் போனைத் தொடாமல் அடுப்பருகே நிற்கிறேன். ரேவதி ஹாலில் டிவி பார்க்கிறாள்.